அகரவரிசையில் வந்த காதுவலி

கிகிந்தா நகரத்துப் பாலர் பள்ளி ஒன்றின் மூன்றாம் அறையில், பதினெட்டு வேலைநாளில் பதினெட்டுக் காதுவலி வந்திருந்தது. நாளுக்கு ஒன்று. இரண்டு வந்த நாளும் இல்லை, வராமல் தப்பிய நாளும் இல்லை. மாவட்டச் சுகாதார அலுவலகம் அனுப்பிய கடிதத்தை நெவேனா மூன்றாம் முறையாகப் படித்தாள். கவலைப்பட வேண்டிய கடிதம்தான். ஆனால் கவலையை முந்திக்கொண்டு அவளுக்குள் ஒரு குறுகுறுப்பு எழுந்தது. பிள்ளைகளுக்கு வரும் நோய் கொத்தாக வரும். ஒருவனுக்கு வந்தால் நாலு பேருக்கு ஒட்டும், பிறகு பத்து நாள் ஓய்ந்திருக்கும். இப்படி ஆபீசுக்கு வருகிறாற்போல் தினம் ஒன்றாக வரும் நோயை யார் கண்டது?

"படிச்சிட்டியா?" என்றார் தலைமையாசிரியை வுகோசாவா. அவர் முன்னால் காபி ஆறிக்கொண்டிருந்தது. "வெள்ளிக்கிழமை காலையில அவங்களுக்குப் பதில் போகணும். காரணம் மெஷினா இருந்தா மெஷின், மனுஷனா இருந்தா மனுஷன். எதுவானாலும் அன்னைக்கே இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே. எனக்கு நூத்தி எண்பது பிள்ளைங்க இருக்கு."

"மெஷின்தான்னு முடிவே பண்ணிட்டீங்க போல."

"ஜன்னலைத் திறக்குறது யாரு? உங்க வீட்டோட மாப்பிள்ளைதானே?"

நெவேனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவள் வேலை பார்க்கும் நோவி சாத் நகரத்து நிறுவனம் அந்தப் பள்ளியில் ஒரு செயற்கை நுண்ணறிவு முகவரை நிறுவியிருந்தது. அறைகளில் உள்ள உணரிகள் சொல்வதை அது படிக்கும். பள்ளியின் பதிவேடுகளைப் படிக்கும். யோசித்து, ஜன்னல் மோட்டாருக்கும் வெப்பமூட்டிக்கும் விளக்குக்கும் கட்டளை கொடுக்கும். அதற்கு நிறுவனம் வைத்த பெயரை யாரும் சொல்வதில்லை. வந்து உட்கார்ந்த நாளிலிருந்து சும்மா இருந்தபடியே 'அதைத் திற, இதை அணை' என்று வீட்டை ஆட்டிவைப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று சமையலறையில் முடிவாகி, வீட்டோடு மாப்பிள்ளை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்த மாப்பிள்ளைக்கு அறிவு கொடுப்பது நெவேனாவின் வேலை இல்லை. வேலி போடுவதுதான் அவள் வேலை. எதை அது தானாகச் செய்யலாம், எதை ஒரு மனிதரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று விதி எழுதுபவள் அவள். இதற்கு அவள் பழகிவைத்திருந்த அளவுகோல் எளிமையானது: செய்ததைத் திரும்ப மாற்ற முடியுமா? விளக்கை அணைத்தால் மறுபடி போடலாம், கேட்காமல் செய்யட்டும். சமையலறைக் கொதிகலனின் எரிவாயுவைத் திறப்பதை அப்படி விட முடியாது. ஆள் ஒருவர் சரி என்று சொல்ல வேண்டும். வாசல் கதவைப் பூட்டவோ திறக்கவோ மாப்பிள்ளைக்கு உரிமையே கிடையாது. ஜன்னலை அவள் முதல் வகையில்தான் வைத்திருந்தாள். திறந்த ஜன்னலை மூடிக்கொள்ளலாமே.

காலியாக இருந்த ஆசிரியர் அறையில் மடிக்கணினியைத் திறந்து, மாப்பிள்ளையின் நாட்குறிப்பை இழுத்துப் பார்த்தாள். மாப்பிள்ளை போட்ட ஒவ்வொரு கட்டளையும் அதற்கான காரணமும் அதில் வரிவரியாக இருக்கும். மூன்றாம் அறையில் ஜன்னல் கடைசியாகத் திறந்தது எப்போது என்று தேடினாள். தேடியவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பதினெட்டு நாளாக மூன்றாம் அறையின் ஜன்னலை மாப்பிள்ளை திறக்கவே இல்லை.

அப்படியானால் காதுவலிக்குக் காரணம் ஜன்னல் இல்லை. இது நல்ல செய்தி. ஆனால் அடுத்த வரைபடம் அதைவிட வேடிக்கையாக இருந்தது. இருபத்துமூன்று பிள்ளைகள் மூச்சுவிடும் அறையில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கைத் தாண்டினால் அறை புழுங்கும், இரண்டாயிரத்தைத் தொட்டால் பிள்ளைகள் சொக்கிப்போவார்கள். அதனால்தான் ஆயிரத்து இருநூறு ஆனதும் இரு பக்க ஜன்னலையும் திறந்து எண்ணூறுக்குக் கொண்டுவா என்று அவள் விதி எழுதியிருந்தாள். ஜன்னல் திறக்காத அறையில் அந்த எண் மூவாயிரத்துக்கு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. தினமும் காலை பத்தரைக்கும், மதியத் தூக்கத்துக்குச் சற்று முன்பும், கோடு கிணற்றில் கல் விழுந்தாற்போல் நானூற்றைம்பதுக்கு இறங்கியது. யாரும் கட்டளையிடாமலே காற்று சுத்தமாகிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை ஏன் திறக்கவில்லை என்பதற்கு மட்டும் தினமும் ஒரே காரணம் பதிவாகியிருந்தது: 'விதி ஏழு. அறையில் காதுவலி உள்ள குழந்தை.'

விதி ஏழு அவள் எழுதியதுதான். பிள்ளைகளின் உடல்நலக் குறிப்பேட்டில் காய்ச்சல் என்றோ காதுவலி என்றோ பதிவானால், அன்று அந்த அறையில் ஜன்னலைத் திறக்காதே. எழுதியபோது தன் கருணையை நினைத்து அவளே மெச்சிக்கொண்டாள்.

குறிப்பேட்டைத் திறந்தாள். முதல் நாள் பெத்ரொவ். அடுத்த நாள் அதாமொவ். பிறகு பாயின், வுயின், கவ்ரிச், தெயானொவ்...

வாய்விட்டுப் படித்தாள். அ, ப, வ, க, த. முதல் வகுப்பில் பாட்டாகப் பாடிப் பழகிய, அவர்கள் மொழியின் எழுத்துவரிசை அது. பெத்ரொவ் ஒருவனைத் தவிர, பதினேழு பிள்ளைகளுக்கும் வருகைப் பட்டியலில் பெயர் உள்ள வரிசையிலேயே காது வலித்திருந்தது. வரிசையில் பெத்ரொவின் முறை வந்தபோது அவனைத் தாண்டி அடுத்தவனுக்குப் போயிருந்தது. அவனுக்குத்தான் ஏற்கெனவே வலித்துவிட்டதே.

எல்லாப் பதிவுக்கும் கீழே ஒரே பெயர்: மிலுங்கா.

*

மூன்றாம் அறையைப் பார்த்துக்கொள்பவர் மிலுங்கா அத்தை. அந்தப் பள்ளியில் பிள்ளைகளை வைத்துப் பார்ப்பவர்கள் எல்லோரும் பிள்ளைகளுக்கு அத்தைதான். ஐம்பத்தேழு வயது, ஓய்வுக்கு இன்னும் மூன்று ஆண்டு, அகலமான தோள், கண்ணில் படாதது எதுவும் இல்லை என்கிற மாதிரி ஒரு பார்வை. நெவேனா உள்ளே நுழைந்ததும் அந்தப் பார்வை அவள் தலைக்குப் போனது.

"தலை ஈரமா இருக்கு."

"குளிச்சிட்டு அவசரமா பஸ் பிடிச்சேன் அத்தை."

"பிப்ரவரியில. ஈரத் தலையோட. பஸ்ஸுல." மிலுங்கா அத்தை ஒவ்வொரு வார்த்தையையும் குற்றப்பத்திரிகை போல வாசித்தார். "நீதான் எங்க பிள்ளைங்களுக்கு ஜன்னல் விதி எழுதுன ஆளு. சரிதான். செருப்பைக் கழட்டு, அந்தப் பெட்டியில துணிச்செருப்பு இருக்கு. வெறுங்காலோட தரையில நிக்காத."

பிள்ளைகள் முற்றத்துக்குப் போகும் நேரம் அது. கம்பளிக் குல்லாக்களும் கையுறைகளும் மாட்டி முடியக் கால்மணி ஆனது. கடைசிப் பிள்ளையும் ஆசிரியையோடு வெளியேறியதும் மிலுங்கா அத்தை கதவைச் சாத்தினார். நெவேனா இருப்பதைப் பொருட்படுத்தாமல் கிழக்கு ஜன்னல் மூன்றையும் கைப்பிடியால் திறந்தார். நடந்து போய் மேற்கு ஜன்னல் மூன்றையும் திறந்தார். காற்று அறையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. சுவரில் ஒட்டியிருந்த காகித மீன்கள் படபடத்தன. இடுப்பில் கைவைத்து எட்டு நிமிடம் நின்றார். பிறகு ஒவ்வொன்றாக மூடினார்.

மணி பத்து நாற்பது. கிணற்றில் கல் போட்டவர் இவர்தான்.

"அத்தை, பாயினுக்குக் காது சரியாயிடுச்சா?"

"எந்தப் பாயினுக்கு?"

"மூணாவது நாள் வலிச்ச பாயினுக்கு. அவனுக்கு அடுத்து வுயின், அப்புறம் கவ்ரிச். இன்னைக்கு யாரு முறை?"

மிலுங்கா அத்தை ஜன்னல் கைப்பிடியை ஒருமுறை அழுத்திச் சரிபார்த்தார். பிறகு குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார், அது முனகியது.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"கண்டுபிடிச்சிட்டேன். எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு? இப்படிச் செஞ்சா அது திறக்காதுன்னு?"

அந்தக் கேள்வியை மிலுங்கா அத்தை எதிர்பார்க்கவில்லை. திட்டு வரும் என்று தோளை நிமிர்த்தியிருந்தவர், நெவேனாவின் முகத்தில் வெறும் ஆவல் மட்டும் இருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் தளர்ந்தார்.

"பெத்ரொவுக்கு நிஜமாவே வலிச்சுது. எழுதினேன். அன்னைக்குப் பூரா உன் மாப்பிள்ளை ஜன்னலையே திறக்கல. எனக்கு அப்பதான் உறைச்சுது, இவன் கண்ணால பார்க்கிறவன் இல்ல, எழுதினதை நம்புறவன்னு. மறுநாள் பெத்ரொவ் சரியாயிட்டான். இனி பழையபடி திறக்குமே! முந்தின வாரம் தூங்குற நேரத்துல பார்த்தா ரெண்டு பக்கமும் திறந்துகிச்சு. பிள்ளைங்க மேல ப்ரோமாயா! இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போற காத்து. நான் கைப்பிடியால மூடினா அது மோட்டாரால திறக்குது. நான் மூட, அது திறக்க. ஆறு தடவை. மெஷினோட மல்லுக்கட்ட எனக்கு இடுப்பு இல்ல கண்ணு. அதான் எழுதினேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணேன். உங்க ஆபீசுல ஒரு பையன் எடுத்தான். குறுக்குக் காத்துனால நோய் வரும்கிறதுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்லி, படிச்சுப் பாருங்கன்னு ஏதோ கட்டுரை அனுப்பினான். அதுவும் இங்கிலீஷ்ல."

நெவேனா தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தினமும் ஒரே பிள்ளைன்னா சந்தேகம் வரும்னு வரிசையா எழுதினீங்களா?"

"வரிசையா எழுதினா யாருக்கும் மனக்குறை இருக்காதுல்ல" என்றார் மிலுங்கா அத்தை. சொன்ன பிறகுதான் அவருக்கு அது எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். குரல் தாழ்ந்தது. "வுகோசாவா சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. மெஷினா இருந்தா மெஷின், மனுஷனா இருந்தா மனுஷன். உடல்நலக் குறிப்பேட்டுல பொய் எழுதினா வேலை போகும். அது எனக்குத் தெரியும்."

*

அன்று மதியம் நெவேனா ஒரு காரியம் செய்தாள். மிலுங்கா அத்தை சொன்னது மூடநம்பிக்கை என்று ஒதுக்கவோ, அப்படியே நம்பவோ அவளால் முடியவில்லை. அளந்து பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. பிள்ளைகளை அரைமணி நேரம் பக்கத்து அறையில் படுக்க வைக்கும்படி கேட்டுக்கொண்டாள். சமையலறையிலிருந்து இறைச்சி வெப்பமானி இரண்டும், கைவேலைப் பெட்டியிலிருந்து கம்பளி நூலும் வாங்கிவந்தாள். ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு நூலைத் தொங்கவிட்டாள். பிறகு கிழக்கு ஓரக் கட்டிலில் தானே படுத்தாள். முழங்காலுக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையைப் பழைய விதிப்படி ஜன்னலைத் திறக்கச் சொன்னாள்.

முதல் நிமிடம் ஒன்றும் இல்லை. இரண்டாம் நிமிடத்தில் கிழக்கு வரிசை நூல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன, காற்றுக்குச் சலாம் போடுகிற மாதிரி. மேற்கு வரிசை நூல்கள் அசையவே இல்லை. குளிர்ந்த காற்று கனமானது. உள்ளே நுழைந்ததும் அது தரையை நோக்கி விழுகிறது. விழும் இடத்தில்தான் ஏழு கட்டில்கள் இருந்தன. நான்காம் நிமிடம் தலையணையருகே வெப்பமானி இருபத்தொன்றிலிருந்து பதின்மூன்றுக்கு வந்துவிட்டது. சுவர் உணரியைப் பார்த்தாள். 'இருபதரை' என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அது எதிர்ச்சுவரில், வெப்பமூட்டிக்கு மேலே, பெரியவர்களின் தோள் உயரத்தில் இருந்தது. தூங்கும் பிள்ளையின் கழுத்து உயரத்தில் என்ன நடக்கிறது என்று மாப்பிள்ளைக்குத் தெரிய வழியே இல்லை.

"எப்படி இருக்கு?" என்றார் வாசலில் நின்ற மிலுங்கா அத்தை. "ஆதாரம் வந்துச்சா?"

"காது வலிக்குமான்னு தெரியாது அத்தை. ஆனா கழுத்துல ஐஸ் வச்ச மாதிரி இருக்கு."

"ஈரத் தலை வேற. ரெண்டு நாள்ல தெரியும்."

படுத்தபடியே நெவேனா தன் அளவுகோலை நினைத்துப் பார்த்தாள். திறந்த ஜன்னலை மூடிவிடலாம், சரி. அதற்குள் ஒரு பிள்ளை நடுங்கிய நடுக்கத்தை எந்தக் கட்டளை திரும்ப எடுக்கும்? திரும்ப மாற்ற முடியுமா என்று அவள் சாதனத்தைத்தான் கேட்டிருந்தாள். கட்டிலில் கிடப்பவனைக் கேட்கவில்லை.

மாலையில் அவளுடைய மேலாளர் ரெல்யா போனில் பிடித்தான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப நாம தப்பிச்சோம்" என்றான். "மெஷின் விதியை மீறல. அந்தம்மா பொய் எழுதியிருக்காங்க. பேரைப் போட்டு ரெண்டு வரி எழுதி அனுப்பு, முடிஞ்சுது."

"ரெண்டு வரியில முடியாது."

"ஏன்?"

"அவங்களுக்கு 'வேண்டாம்'னு சொல்ல நாம ஒரு வழியும் வைக்கல, ரெல்யா. கைப்பிடியை மூடினா மோட்டார் திறக்குது. போன் பண்ணா கட்டுரை வருது. இருந்த ஒரே வழி பொய்தான். அந்த வழியும் விதி ஏழுல நான் திறந்து வச்சது."

"அதை எழுதினா பள்ளிக்கூடம் நம்மளையும் சேர்த்து வெளியே அனுப்பும்."

"இன்னொண்ணு யோசி. இவங்க ஜன்னலை மூடத்தான் எழுதினாங்க. குறிப்பேட்டுல எழுத முடிஞ்ச யாரும் மாப்பிள்ளையை ஆட்டி வைக்கலாம்னா, அது எவ்வளவு பெரிய ஓட்டை? நாளைக்கு வேற ஒரு விதியில, வேற ஒருத்தர் எழுதினா?"

"எழுது" என்றான் ரெல்யா கடைசியில். "ஆனா என் வேலைக்கு உலை வச்சு என்னையும் வீட்டோட மாப்பிள்ளை ஆக்கிடாத, என் மாமியார் வீட்டுல இடமில்ல."

வியாழக்கிழமை அவள் எழுதியதை முதலில் மிலுங்கா அத்தையிடம் காட்டினாள். ஒரு பத்தியில் பெயர் இல்லாமல் 'ஊழியர் ஒருவர்' என்று இருந்தது. மிலுங்கா அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அங்கேயே விரலை வைத்தார்.

"ஊழியர் ஒருவர்னா யாரு? இந்த அறையில நான் ஒருத்தி. ஊருக்கே தெரியும். பேரைப் போடு. பாதியை மறைச்சா மீதியையும் நம்ப மாட்டா வுகோசாவா."

*

வெள்ளிக்கிழமை காலை வுகோசாவா அறிக்கையை எழுத்தெண்ணிப் படித்தார். எதிரில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நெவேனாவுக்குத் தும்மல் வந்தது; மிலுங்கா அத்தை சொல்லாமல் கைக்குட்டையை நீட்டினார்.

"பதினேழு பொய்" என்றார் வுகோசாவா.

"பதினேழு" என்றார் மிலுங்கா அத்தை.

"அந்தப் பேட்டை வச்சுத்தான் டாக்டர் மருந்து முடிவு பண்றாங்கன்னு உனக்குத் தெரியாதா? நாளைக்கு ஒருத்தனுக்கு நிஜமா காது வலிச்சா, இவனுக்கு இது ரெண்டாவது தடவைன்னு நினைச்சு வேற மருந்து கொடுத்திருப்பாங்க."

மிலுங்கா அத்தையின் முகம் வெளிறியது. காற்றைப் பற்றி எல்லாம் யோசித்தவர் இதை யோசித்திருக்கவில்லை. முதல் முறையாக அவர் தரையைப் பார்த்தார்.

"தப்புதான். அது தப்பு."

வுகோசாவா அறிக்கையைத் திருப்பினார். "நீ எழுதின காரணம் மூணு. இவ பொய், உன் விதி, உணரி மாட்டின இடம். நான் சொன்ன வாக்குப்படி பார்த்தா மூணு பேரையும் அனுப்பணும். அப்புறம் அந்த அறையில மிச்சம் இருக்கப்போறது இருபத்துமூணு கட்டில்." பேனாவை எடுத்தார். "மிலுங்கா, எழுத்துல எச்சரிக்கை. ஓய்வு வரைக்கும் நீ குறிப்பேட்டைத் தொடக் கூடாது, ஆசிரியை எழுதுவா. பதினேழு பதிவையும் நீயே திருத்தி, சுகாதார அலுவலகத்துக்கு நேர்ல போய்ச் சொல்லணும். எங்க எழுந்திருக்கிற? நீ போகலாம்னு நான் சொல்லலை, உட்காரு. மாப்பிள்ளைக்கு ஒரு மாசத் தவணை. புது விதியை இப்பவே என் முன்னால எழுதுங்க, ரெண்டு பேரும். ஒருத்தி எழுதி இன்னொருத்தி ஏமாத்துறது இனி வேணாம்."

நெவேனா மடிக்கணினியைத் திறந்தாள். ஒவ்வொரு விதியாகப் பேசி எழுத மதியம் ஆகிவிட்டது. குறிப்பேட்டில் இருப்பது செய்தி மட்டுமே. அதைப் படித்து மாப்பிள்ளை யாரிடமாவது கேட்கலாம், அதையே கட்டளையாக எடுக்கக் கூடாது. பிள்ளைகள் படுத்திருக்கும்போது ஒரு பக்க ஜன்னல் மட்டும். முற்றத்துக்குப் போனதும் இரு பக்கமும், எட்டு நிமிடம். அந்த எட்டை மிலுங்கா அத்தையிடமிருந்தே எடுத்துக்கொண்டாள். கட்டில் உயரத்தில் இன்னொரு உணரி. கடைசியாக, கதவோரம் ஒரு பொத்தான். அழுத்தினால் மாப்பிள்ளை ஜன்னலை விட்டுவிடும். அழுத்தியவர் பெயர் பதிவாகும். காரணம் சொல்லத் தேவையில்லை.

"காரணம் வேண்டாமா?" என்றார் வுகோசாவா.

"காரணம் கேட்டா, மெஷினுக்குப் பிடிச்ச காரணத்தைச் சொல்லப் பழகிடுவோம் மேடம். கொதிகலன் பக்கத்துலேர்ந்து விஷவாயு வந்தா மட்டும் பொத்தான் செல்லாது. யார் அழுத்தியிருந்தாலும் ஆறு ஜன்னலும் திறக்கும்."

"அது திறக்கட்டும்" என்றார் மிலுங்கா அத்தை. "செத்தப்புறம் காது வலிச்சா என்ன, வலிக்காட்டி என்ன."

பிறகு அவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டு எதையோ யோசித்தார்.

"கண்ணு, ஒண்ணு கேக்கிறேன். விஷவாயு இல்ல. சும்மா புழுக்கம்தான். நான் பொத்தானை அழுத்திட்டேன். அழுத்தினப்புறம் எனக்கே தலை சுத்தி, நாற்காலியிலேயே கண் அசந்துட்டேன்னு வை. பிள்ளைங்களும் தூங்குது. அந்தப் பொத்தான் யார் சொல்றதைக் கேட்டுக்கிட்டு இருக்கும்?"

நெவேனாவின் கை விசைப்பலகை மேல் நின்றது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையை எப்படிக் கொடுப்பது என்று இரண்டு நாளாக யோசித்தவள், சொன்னவர் விழித்திருக்கிறாரா என்று யோசிக்கவில்லை. பொத்தானுக்கு ஆயுள் வேண்டும். அழுத்தியது கொஞ்ச நேரத்தில் தானாகக் காலாவதியாக வேண்டும், இன்னும் வேண்டுமென்றால் எழுந்து வந்து மறுபடி அழுத்த வேண்டும்.

"எத்தனை நிமிஷம் அத்தை?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீதானே எண்ணெல்லாம் வச்சிருக்க."

"காத்து எவ்வளவு வேகமா கெடும்னு என்கிட்ட இருக்கு. தூங்குற இருபத்துமூணு பிள்ளைங்களை எழுப்பிப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரம் ஆகும்னு உங்ககிட்டதான் இருக்கு. ரெண்டையும் சேர்த்தாதான் கணக்கு."

மிலுங்கா அத்தைக்கும் அது தெரியவில்லை. முப்பது ஆண்டில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

"வா" என்று எழுந்தார். "இன்னும் இருபது நிமிஷத்துல படுப்பாங்க. நான் எழுப்புறேன், நீ கைக்கடிகாரத்தைப் பாரு. கவ்ரிச்சை மட்டும் தூக்கணும், அவன் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்."

வுகோசாவா கையெழுத்துக் காகிதங்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, கதவு மூடும் முன் அவர்கள் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார்.